வகுப்பறையிலிருந்து பள்ளியின் தொழில்நுட்பப் பொறுப்புக்கு: ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஏறக்குறைய எல்லாப் பள்ளிகளிலும் இப்படி ஒரு ஆசிரியர் இருப்பார். ப்ரொஜெக்டரில் படம் வரவில்லை என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மதிப்பெண் பட்டியலை எக்செல்லில் கூட்டத் தெரியவில்லை என்றால் அவரிடம் வருவார்கள். புதிதாக ஒரு செயலி வந்தால் முதலில் வகுப்பில் போட்டுப் பார்ப்பவரும் அவர்தான். யாரும் அவரை இதற்காக நியமித்திருக்க மாட்டார்கள்.

இந்த ஆர்வத்தை ஒரு முழுப் பொறுப்பாகவும், பிறகு ஒரு தொழிலாகவும் வளர்த்துக்கொள்ள முடியும். பல பள்ளிகளில் இதற்கென்று பதவியே இருக்கிறது. ஆனால் ஆசிரியராவதற்கு இருப்பதுபோல் வரையறுத்த பாதை இதற்கு இல்லை. எங்கே தொடங்குவது, எதை முதலில் கற்பது, எதைத் தள்ளிப்போடுவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். அந்த வரிசையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

கணினி அறிவியல் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. மொழி ஆசிரியர், வரலாற்று ஆசிரியர், தொடக்க வகுப்பு ஆசிரியர் என யாரும் வரலாம். பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள், எந்த இடத்தில் சிக்கிக்கொள்கிறார்கள் என்பதை வகுப்பில் நின்று பார்த்த அனுபவம் மட்டும் கட்டாயம் வேண்டும். என்னைக் கேட்டால், சில வருடங்களாவது முழுநேரம் பாடம் நடத்திவிட்டு இந்தப் பக்கம் வருவது நல்லது. பின்னால் சக ஆசிரியர்கள் உங்கள் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்பார்கள் என்றால், அதற்கு அந்த அனுபவம்தான் காரணமாக இருக்கும்.

வேலை எதுவென்று தெரிந்துகொள்ளுங்கள்

ஒரே வேலைக்குப் பல பெயர்கள் உண்டு. தொழில்நுட்ப ஒருங்கிணைப்பாளர், டிஜிட்டல் கற்றல் பயிற்றுநர், பாட வடிவமைப்பாளர், டிஜிட்டல் கற்றல் தலைவர் என்று ஒவ்வொரு பள்ளியும் ஒவ்வொரு விதமாக அழைக்கும். பெயரை விட்டுவிடுங்கள். உள்ளே இருப்பது இரண்டு வேலைகள். கருவிகளை ஓடவைப்பது ஒன்று: வைஃபை, பிரிண்டர், பாஸ்வேர்டு, பழுது. அந்தக் கருவிகளைக் கொண்டு கற்பித்தலை மேம்படுத்துவது இன்னொன்று: ஆசிரியர்களோடு உட்கார்ந்து பாடம் திட்டமிடுவது, வகுப்பில் உடன் நிற்பது, எதை வாங்கலாம் எதை வேண்டாம் என்று முடிவெடுக்க உதவுவது.

சிறிய பள்ளிகளில் இரண்டும் ஒருவர் தலையிலேயே விழும். அப்படி விழும்போது முதல் வேலை இரண்டாவதை விழுங்கிவிடும். பிரிண்டர் நின்றுவிட்டது என்றால் உடனே ஓட வேண்டும். ஒளியியல் பாடத்தைப் புதிதாகத் திட்டமிடுவது நாளைக்கும் இருக்கும் என்று தோன்றும். அது வருடக் கடைசிவரை நாளையாகவே இருந்துவிடும். உங்களுக்கு எந்த வேலை வேண்டும் என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். இந்தக் கட்டுரை இரண்டாவது வேலையைப் பற்றியது.

பழைய கதைகளைப் படித்துவிட்டு வாருங்கள்

இதற்கு அதிக நேரம் ஆகாது. ஆனாலும் செய்தே ஆக வேண்டும். 1913இல் தாமஸ் எடிசன், பாடப்புத்தகங்கள் சீக்கிரமே வழக்கொழிந்துவிடும், திரைப்படத்தின் மூலம் பத்தே ஆண்டுகளில் பள்ளிமுறை முழுவதும் மாறிவிடும் என்றார். பிறகு வானொலி, தொலைக்காட்சி, கணினி என ஒவ்வொன்றும் அதே வாக்குறுதியோடு வந்தது. 2005இல் பிள்ளைக்கொரு மடிக்கணினி என்ற திட்டத்தை நிக்கோலஸ் நெக்ரோபோன்டே அறிவித்தார். அதைப் பெரிய அளவில் ஏற்ற நாடு பெரு. அங்கே 300க்கும் மேற்பட்ட கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் நடந்த ஆய்வின் முடிவு 2012இல் வெளிவந்தது. கணினிகளின் எண்ணிக்கையும் பயன்பாடும் பல மடங்கு கூடியிருந்தன. கணிதத்திலும் மொழியிலும் பிள்ளைகளின் தேர்ச்சி கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை. பொதுவான சிந்தனைத் திறனில் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. 2013இல் லாஸ் ஏஞ்சலஸில் எல்லா மாணவர்களுக்கும் ஐபேட் தரும் திட்டம் தொடங்கியது. கொஞ்ச நாளிலேயே மாணவர்கள் பாதுகாப்புத் தடைகளைத் தாண்டிவிட்டார்கள், அடுத்த வருடமே திட்டம் நிறுத்தப்பட்டது.

இவை எதுவும் தொழில்நுட்பம் வீண் என்று சொல்லவில்லை. கருவி வந்த பிறகு ஆசிரியர் அதை வைத்து வகுப்பில் என்ன மாற்றிச் செய்தார் என்பதுதான் எல்லா இடத்திலும் விடுபட்ட கேள்வி. "எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு டேப்லெட் வாங்கிவிடலாமா?" என்று நாளைக்கு உங்கள் தலைமை ஆசிரியர் கேட்பார். அப்போது அந்தக் கேள்வியை எழுப்பக்கூடிய ஒரே ஆள் நீங்களாக இருப்பீர்கள்.

உங்கள் வகுப்பில் ஒரு சிக்கல், ஒரு கருவி, ஒரு பருவம்

பயணம் இங்கேதான் தொடங்குகிறது. ஆர்வமுள்ளவர்கள் சாதாரணமாகச் செய்வது, ஒரே மாதத்தில் பத்துச் செயலிகளை முயன்று பார்ப்பது. பிள்ளைகளுக்கு அது குதூகலமாக இருக்கும். ஆனால் எது உதவியது என்று உங்களுக்கே தெரியாது. மாறாக, உங்கள் பாடத்தில் வருடாவருடம் பிள்ளைகள் தடுமாறும் ஓரிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓர் உதாரணம் பார்ப்போம். படித்ததைப் பிள்ளைகள் ஒரு வாரத்தில் மறந்துவிடுகிறார்கள். இது எல்லா ஆசிரியர்களுக்கும் தெரிந்த குறை. 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதை நேரடியாகத் தொடுகிறது. ஒரு பகுதியை ஒரு குழு திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே மேல். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ். நினைவிலிருந்து எழுதியவர்கள் கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள்.

இது தெரிந்தவர் கையில் ஒரு வினாடி வினாச் செயலி கிடைத்தால், அதை அவர் வேறு மாதிரி பயன்படுத்துவார். பாடம் முடிந்த உடனே கேட்பதோடு நிறுத்தாமல், மூன்று நாள் கழித்து ஐந்து கேள்வி, அடுத்த வாரம் ஐந்து கேள்வி என்று போடுவார். மதிப்பெண் போடமாட்டார், முன்னணிப் பட்டியலையும் அணைத்துவைப்பார், ஏனென்றால் யார் முதலில் பொத்தானை அழுத்துகிறார்கள் என்பது அவருக்குத் தேவையில்லை. எந்தக் கேள்வியில் பாதி வகுப்பு தவறியது என்று திரையில் பார்த்து, மறுநாள் அந்த இடத்தைத் திரும்ப நடத்துவார். ஒரு கருவியைப் பாடத்தோடு இணைப்பது என்று நான் சொல்வது இதைத்தான்.

இதைச் செய்யும்போது ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். தேதி, எந்தப் பாடம், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள், உண்மையில் என்ன நடந்தது, யார் விடுபட்டார்கள் என்று நாலு வரி போதும். கடைசிக் கேள்வி மிகவும் முக்கியம். சாதனம் இல்லாத பிள்ளை, பார்வைக் குறைபாடுள்ள பிள்ளை, தட்டச்சு மெதுவாகச் செய்யும் பிள்ளை ஆகியோருக்கு என்ன ஆனது என்று எழுதுங்கள். பருவத் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே தரமான கேள்விகளைக் கொடுத்து ஒப்பிடுங்கள். ஒருமுறையாவது அதே காரியத்தைக் காகிதத் துண்டுகளை வைத்துச் செய்து பாருங்கள். காகிதமே போதும் என்று தெரிந்தால் காகிதத்தையே வைத்துக்கொள்ளுங்கள். அப்படிச் சொல்லத் தெரிந்தவர் ஒரு கருவியைப் பரிந்துரைக்கும்போது சக ஆசிரியர்கள் நம்புவார்கள்.

அறிவியலில் என்றால், கொலராடோ பல்கலைக்கழகத்தில் கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய ஃபெட் சிமுலேஷன்கள் நல்ல தொடக்கம். மின்சுற்றில் கண்ணுக்குத் தெரியாத மின்னோட்டத்தை அங்கே பார்க்கலாம், பேட்டரியை மாற்றினால் என்ன ஆகும் என்று சோதிக்கலாம். கணிதத்துக்கு ஜியோஜீப்ரா. சிறு பிள்ளைகள் கதையும் விளையாட்டும் தாங்களே உருவாக்க, அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் 2007இல் வெளியிட்ட ஸ்க்ராட்ச். மூன்றையும் வகுப்பில் இலவசமாகவே பயன்படுத்தலாம்.

கொள்கைச் சட்டகங்கள், தேவையான அளவுக்கு

இந்தத் துறையில் சில பெயர்கள் அடிக்கடி காதில் விழும். தெரியாமல் இருந்தால் நேர்காணலில் விழிக்க வேண்டி வரும். அவற்றில் முக்கியமானது டிபேக் (TPACK) என்ற சட்டகம். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிஷ்ரா, கோலர் இருவரும் 2006இல் முன்வைத்தது. பாட அறிவு, கற்பிக்கும் அறிவு, தொழில்நுட்ப அறிவு மூன்றும் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில்தான் நல்ல ஆசிரியரின் திறமை இருக்கிறது என்பது அதன் சாரம். பாட அறிவும் கற்பிக்கும் அறிவும் கலந்த தனி அறிவு ஒன்று உண்டு என்று லீ ஷுல்மன் 1986இல் சொன்னதன் தொடர்ச்சி இது.

இன்னொன்று ரூபன் புயன்டெதுராவின் சாமர் (SAMR). பழைய வேலையை அப்படியே கணினியில் செய்வது, கொஞ்சம் மேம்படுத்திச் செய்வது, வேலையையே மாற்றி அமைப்பது, முன்பு முடியாததைச் செய்வது என்று நான்கு நிலை. இதை ஏணியாக நினைத்து எல்லாப் பாடத்தையும் மேல்படிக்கு ஏற்றப் பார்ப்பவர்கள் உண்டு. அது தேவையில்லை. சில பாடங்களுக்கு முதல் நிலையே சரி. மொழி வகுப்பில் கட்டுரையைத் தட்டச்சு செய்வது வெறும் மாற்றுதான். ஆனால் திருத்தி எழுத அது எவ்வளவோ வசதி.

உங்களை நீங்களே அளந்துகொள்ள யுனெஸ்கோ ஆசிரியர்களுக்காக வெளியிட்ட தகவல்தொழில்நுட்பத் திறன் சட்டகம் உதவும். 2018இல் வந்த மூன்றாவது பதிப்பில் மூன்று நிலைகளில் 18 திறன்கள் இருக்கின்றன. கல்வியில் தொழில்நுட்பத்துக்கான சர்வதேச அமைப்பான இஸ்டியின் (ISTE) தரநிலைகளில் பயிற்றுநர்களுக்கென்றே ஒரு பகுதி உண்டு. நீங்கள் விண்ணப்பிக்கப்போகும் வேலையின் விவரம் பெரும்பாலும் அதன் சாயலில்தான் இருக்கும்.

தொழில்நுட்பத்தில் எவ்வளவு தெரிய வேண்டும்

நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் சில அடிப்படைகள் தெரியாமல் முடியாது. ஒரு வகுப்பில் 40 பேர் ஒரே நேரத்தில் உயர்தரக் காணொளியைத் திறந்தால் என்ன ஆகும்? ஒருவருக்கு நொடிக்குச் சுமார் 5 மெகாபிட் என்றாலும் 200 மெகாபிட் வேண்டும். இணைப்பு அதைத் தாங்காது. அறையில் உள்ள ஒற்றை வைஃபை பெட்டியும் திணறும். இந்தக் கணக்கு தெரிந்தவர் காணொளியை ஒருமுறை ப்ரொஜெக்டரில் போடுவார், அல்லது முன்னதாகவே தரவிறக்கி வைப்பார். இணையமே இல்லாத பள்ளிகளுக்குக் கோலிப்ரி போன்ற தளங்கள் இருக்கின்றன. ஒரு கணினியில் பாடங்களை ஏற்றி வைத்துவிட்டால், அந்த அறைக்குள் இருக்கும் மற்றச் சாதனங்கள் இணையம் இல்லாமலே அதிலிருந்து படிக்கலாம்.

பயனர் கணக்குகளை மொத்தமாக உருவாக்குவது, யாருக்கு எந்த அனுமதி என்று அமைப்பது, காப்புநகல் எடுப்பது, விரிதாளில் வடிகட்டியும் தொகுத்தும் பார்ப்பது ஆகியவற்றைக் கற்றுக்கொள்ளுங்கள். மூடில் அல்லது கூகுள் கிளாஸ்ரூம் போன்ற ஒரு கற்றல் மேலாண்மைத் தளத்தை நிர்வாகி பக்கத்திலிருந்து பார்த்துப் பழகுங்கள்.

எல்லோரும் அணுகக்கூடியதாகப் பாடப்பொருளைத் தயாரிப்பதும் அடிப்படைதான். காணொளிக்கு வசன வரி, படத்துக்கு எழுத்து விளக்கம், எழுத்துக்கும் பின்னணிக்கும் போதுமான நிற வேறுபாடு. சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5க்கு 1 என்ற விகிதத்தை இணைய அணுகல் வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. மஞ்சள் பின்னணியில் வெள்ளை எழுத்துப் போட்ட ஸ்லைடை ஒருமுறை கடைசி வரிசையில் உட்கார்ந்து பாருங்கள், ஏன் என்று விளங்கும்.

பிள்ளைகளின் தகவல்

இந்தப் பகுதியை யாரும் விரும்பிப் படிப்பதில்லை. ஆனால் உங்கள் பொறுப்பில் இதைவிடக் கனமானது கிடையாது. ஒரு செயலியில் வகுப்பையே சேர்க்கும்போது பிள்ளைகளின் பெயர், வயது, குரல், முகம், அவர்கள் செய்த தவறுகள் எல்லாவற்றையும் ஒரு நிறுவனத்திடம் கொடுக்கிறீர்கள். அந்தப் பிள்ளைகள் அதற்குச் சம்மதம் சொல்லும் நிலையில் இல்லை.

சட்டங்கள் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டம் 13 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தகவலைத் திரட்டப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. 2018இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் விதியில் அந்த எல்லை 16. உறுப்பு நாடுகள் 13 வரை குறைத்துக்கொள்ளலாம். இந்தியாவின் 2023ஆம் ஆண்டுச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது. நீங்கள் இருக்கும் இடத்தின் விதியைத் தேடிப் படித்துவிட்டு, எந்தச் செயலியை ஏற்கும் முன்பும் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். என்னென்ன தகவல் எடுக்கிறீர்கள்? எங்கே வைத்திருக்கிறீர்கள்? விளம்பரத்துக்குப் பயன்படுத்துகிறீர்களா? நாங்கள் விலகினால் எப்போது அழிப்பீர்கள்? பிள்ளைகளின் வேலைகளை நாங்கள் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா? பதில் வராத இடத்தில் பிள்ளைகளைச் சேர்க்காதீர்கள். இலவசம் என்பது இதில் எந்தச் சலுகையும் தரக் காரணமாகாது.

சக ஆசிரியர்களோடு வேலை செய்வது

இதுவரை சொன்னது எல்லாம் ஆயத்தம். தொழிலின் பெரும்பகுதி இங்கே இருக்கிறது. உங்கள் வகுப்பில் சாதித்தது உங்கள் திறமை. அடுத்தவர் வகுப்பில் அதை நடக்கவைப்பதுதான் இந்த வேலை.

ஒரு நாள் பயிற்சி முகாம் வைத்து, எல்லோரையும் ஒரு அறையில் உட்காரவைத்து, இருபது பொத்தான்களைக் காட்டி அனுப்புவது வழக்கமான முறை. அதனால் வகுப்பறையில் பெரிதாக எதுவும் மாறுவதில்லை. 1980களின் தொடக்கத்திலேயே புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் இருவரும் ஆசிரியர் பயிற்சியைப் பற்றி எழுதியது இன்றும் பொருந்தும். விளக்கம், செய்துகாட்டல், பயிற்சி, கருத்து ஆகியவற்றோடு நின்றுவிடாமல், ஆசிரியரின் சொந்த வகுப்பிலேயே தொடர்ந்து உடனிருந்து துணை செய்தால்தான் கற்றது நடைமுறைக்கு வருகிறது.

ஆகவே ஒருவரிலிருந்து தொடங்குங்கள். யாரை? மிகவும் தயங்குபவரையும் வேண்டாம், ஏற்கெனவே எல்லாம் தெரிந்தவரையும் வேண்டாம். நல்ல ஆசிரியர் என்று ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் மதிக்கும், கொஞ்சம் ஆர்வமும் உள்ள ஒருவரைப் பாருங்கள். புதுமைகள் எப்படிப் பரவுகின்றன என்று 1962இல் எழுதிய எவரெட் ரோஜர்ஸ், ஒரு புதிய பழக்கம் கூட்டத்துக்குள் இறங்குவதற்கு மற்றவர்கள் மதிக்கும் ஆரம்பகாலப் பயனாளிகள் எவ்வளவு முக்கியம் என்று காட்டினார். அப்படி மதிக்கப்படும் ஓர் ஆசிரியர் "இது எனக்கு உதவியது" என்று சொன்னால், நீங்கள் பத்துக் கூட்டத்தில் பேசியதற்குச் சமம்.

பேச்சைக் கருவியிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். "சார், எந்தப் பாடத்தில் பிள்ளைகள் ரொம்பத் தடுமாறுகிறார்கள்?" என்று கேளுங்கள். அவர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அவரே அதற்கு ஏதாவது செய்துகொண்டிருப்பார்; அதை எளிதாக்க ஏதாவது இருந்தால் மட்டும் சொல்லுங்கள். பிறகு இருவருமாக ஒரே ஒரு பாடவேளையைத் திட்டமிடுங்கள். முதல் தடவை நீங்கள் நடத்த அவர் பார்க்கட்டும், அடுத்தது சேர்ந்து நடத்துங்கள், மூன்றாவது அவர் நடத்த நீங்கள் பின்னால் உட்காருங்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு பத்து நிமிடம் பேசுங்கள். அந்தப் பத்து நிமிடத்தை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள், கற்றல் அதில்தான் நடக்கிறது.

சில பழக்கங்கள் இங்கே பெரிய வித்தியாசம் செய்யும். அவருடைய மவுஸை நீங்கள் பிடுங்காதீர்கள். அவர் தேடட்டும், தவறாக அழுத்தட்டும், பொறுத்திருங்கள். நீங்கள் செய்து கொடுத்தால் அந்த வேலை முடியும், ஆனால் நாளைக்கும் உங்களைத்தான் தேடுவார். பிள்ளைகள் முன்னால் அவரைத் திருத்தாதீர்கள். அவர் வகுப்பில் பார்த்ததைத் தலைமை ஆசிரியரிடம் போய்ச் சொல்லாதீர்கள். ஒருமுறை சொன்னால் போதும், பிறகு எந்த வகுப்பின் கதவும் உங்களுக்குத் திறக்காது. ஆசிரியர்களை மதிப்பிடுவது உங்கள் பணி இல்லை என்று நிர்வாகத்திடம் முன்கூட்டியே பேசி, எல்லோருக்கும் தெரியும்படி அறிவிக்கச் சொல்லுங்கள்.

"எனக்கு இதெல்லாம் வராது தம்பி, ரிடையர் ஆக ரெண்டு வருஷம்தான் இருக்கு" என்று ஒரு மூத்த ஆசிரியர் சொல்வார். அவரை வலியுறுத்த வேண்டாம். அவர் பாடம் விளக்கும் விதம் அருமையாக இருக்கும். "சார், நீங்க அந்தப் பாடத்தை விளக்குறதை ஒருதடவை பதிவு பண்ணிக்கட்டுமா? வராத பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம்" என்று கேட்டுப் பாருங்கள். அவரிடம் இருப்பதை மதித்து அதற்குக் கருவியைக் கொண்டு போகிறீர்கள். நான் பார்த்த வரையில் இப்படித் தொடங்கியவர்கள் பிறகு தாங்களாகவே அடுத்த கேள்வியோடு வருகிறார்கள்.

சான்றிதழ், பட்டம்

கூகுள், மைக்ரோசாஃப்ட், ஆப்பிள் ஆகியவை ஆசிரியர்களுக்கான சான்றிதழ் அல்லது அங்கீகாரம் தருகின்றன. உங்கள் பள்ளி எந்தத் தளத்தில் இருக்கிறதோ அதில் ஒன்று வாங்குங்கள், போதும். அவை அந்தந்த நிறுவனத்தின் பொருளைத்தான் கற்றுத் தரும். சில, குறிப்பிட்ட வருடங்களில் காலாவதியாகும் என்பதையும் கவனியுங்கள். கல்வித் தொழில்நுட்பத்திலோ பாட வடிவமைப்பிலோ முதுநிலைப் படிப்பு பிற்காலத்தில் உயர் பதவிக்கு உதவும். அதை முதல் படியாக வைக்க வேண்டாம். ஓரிரு வருடம் சக ஆசிரியர்களோடு வேலை செய்துவிட்டுப் போனால் அங்கே சொல்வது உங்களுக்கு வேறு மாதிரி விளங்கும்.

செய்ததைக் காட்டும் கோப்பு

நேர்காணலுக்குப் போகும் முன் மூன்று நான்கு வேலைகளை எழுதி வையுங்கள். என்ன சிக்கல், என்ன செய்தீர்கள், என்ன மாறியது, எது பலிக்கவில்லை, அடுத்து என்ன என்று ஒவ்வொன்றும் ஒரு பக்கம். உங்கள் நோட்டுப் புத்தகம் இப்போது கைகொடுக்கும். அவற்றில் ஒன்றாவது இன்னொரு ஆசிரியரின் வகுப்பில் நடந்ததாக இருப்பது அவசியம், அவர் அனுமதியோடு. பிள்ளைகளின் பெயரும் முகமும் எங்கேயும் வரக்கூடாது. பயன்படுத்திய செயலிகளின் சின்னங்களை ஒரு பக்கம் முழுக்க அடுக்குவதைத் தவிருங்கள், அதிலிருந்து யாராலும் எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

பதவியை ஏற்கும் முன் கேட்க வேண்டியவை

பதவி தருகிறோம் என்றதும் மகிழ்ச்சியில் தலையாட்டிவிடாதீர்கள். வாரத்தில் எத்தனை பாடவேளை உங்களுக்கு விடுவிக்கப்படும் என்று முதலில் கேளுங்கள். முழுப் பாடவேளையும் வைத்துக்கொண்டு கூடவே இதையும் பாருங்கள் என்றால் இரண்டும் கெடும். பழுது பார்ப்பது யார், நீங்கள் யாருக்குக் கீழே, ஆசிரியர் பயிற்சிக்கு நேரமும் பணமும் ஒதுக்கியிருக்கிறார்களா, புதிய கருவி வாங்கும்போது உங்கள் கருத்தைக் கேட்பார்களா என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். ஒரு வகுப்பையாவது தொடர்ந்து நடத்த அனுமதி கேளுங்கள். சொந்த வகுப்பு இல்லாமல் போன பயிற்றுநர் இரண்டு வருடத்தில் வகுப்பறையின் நெருக்கடிகளை மறந்துவிடுகிறார்.

முதல் வருடம்

முதல் இரண்டு மாதம் புதிதாக எதையும் கொண்டுவராதீர்கள். பீரோவில் என்ன இருக்கிறது, எத்தனை லேப்டாப் ஓடுகிறது, எத்தனை சார்ஜர் காணோம், எந்தச் சந்தாவுக்குப் பணம் போகிறது, அதை யார் பயன்படுத்துகிறார்கள் என்று கணக்கெடுங்கள். எல்லா ஆசிரியர்களிடமும் தனித்தனியாகப் பேசுங்கள். ஒரே வேலைக்கு மூன்று செயலிகள் ஓடுவதும், பெற்றோருக்குச் செய்தி நாலு வழியில் போவதும் சாதாரணம். சிலவற்றை நிறுத்துவதே உங்கள் முதல் உதவியாக அமையலாம்.

வாங்கும் பேச்சு வரும்போது கருவியின் விலையோடு நிறுத்தாதீர்கள். பராமரிப்பு, உரிமக் கட்டணம், மின்சாரம், சார்ஜ் செய்யும் இடம், பயிற்சிக்குச் செலவாகும் ஆசிரியர் நேரம், சில வருடம் கழித்து மாற்ற வேண்டிய செலவு எல்லாவற்றையும் ஒரு தாளில் போட்டுக் காட்டுங்கள். முதலில் இரண்டு வகுப்பில் ஒரு பருவம் சோதித்துப் பார்க்கலாம் என்று சொல்லுங்கள். சோதனை தொடங்கும் முன்பே, எது நடந்தால் தொடர்வோம், எது நடந்தால் நிறுத்துவோம் என்று எழுதி வைப்பது அவசியம். பிறகு எழுதினால் எல்லாமே வெற்றியாகத்தான் தெரியும்.

இப்போது எந்தப் பள்ளியிலும் செயற்கை நுண்ணறிவு பற்றிய கேள்வி உங்கள் மேசைக்கு வரும். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து மாணவர்களின் வீட்டுப்பாடத்தை நம்பலாமா என்ற கவலை ஆசிரியர்களுக்கு இருக்கிறது. இயந்திரம் எழுதியதா என்று கண்டுபிடிக்கும் கருவிகளை மட்டும் நம்பி எந்தப் பிள்ளையையும் குற்றம் சாட்ட விடாதீர்கள். ஓபன்ஏஐ நிறுவனமே அப்படியொரு கருவியை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றது. பள்ளி முழுவதற்கும் ஒரே தடை, ஒரே அனுமதி என்று போடுவதைவிட, ஒவ்வொரு வேலைக்கும் எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்று ஆசிரியர் அந்த வேலைத்தாளின் மேல்பகுதியிலேயே எழுதிக் கொடுப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். வயது வரம்பையும் கவனியுங்கள். வகுப்பறையில் இதைப் பயன்படுத்தக் குறைந்தபட்ச வயது 13 என வைக்கலாம் என்று 2023இல் யுனெஸ்கோ பரிந்துரைத்தது.

அதற்கு அப்புறம்

சில வருடங்களில் பாதை பிரியும். ஒரே பள்ளியில் டிஜிட்டல் கற்றல் தலைவராகலாம், பல பள்ளிகளைக் கவனிக்கும் பொறுப்புக்குப் போகலாம், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கற்பிக்கலாம், ஆய்வுக்குப் போகலாம். கல்வி மென்பொருள் நிறுவனங்களும் ஆசிரியர்களைத் தேடுகின்றன. அங்கே போவதில் தவறில்லை; வகுப்பறை தெரிந்தவர் உள்ளே இருந்தால் பொருள் நன்றாக வரும். விற்பனைக்கா, பாடத்தை வடிவமைக்கவா என்று மட்டும் சேரும் முன் தெளிவாகக் கேட்டுவிடுங்கள்.

எந்தப் பக்கம் போனாலும், பள்ளியை விட்டுக் கிளம்புவதற்கு ஒரு வருடம் முன்பே இரண்டு ஆசிரியர்களை உங்கள் வேலையில் பழக்குங்கள். எல்லா நிர்வாகக் கணக்குகளும் பள்ளியின் பெயரில் உள்ள மின்னஞ்சலில் இருக்கட்டும், உங்கள் சொந்த முகவரியில் வேண்டாம். சந்தாக்கள் புதுப்பிக்க வேண்டிய தேதிகள், நிறுவனங்களோடு செய்த ஒப்பந்தங்கள், எந்தச் செயலியை ஏன் மறுத்தோம் என்ற குறிப்பு, சாதனங்களின் பட்டியல் ஆகியவற்றை ஒரே கோப்புறையில் போட்டு, அந்த இருவரையும் உட்காரவைத்து ஒருமுறை முழுவதும் திறந்து காட்டுங்கள். கடைசிப் பருவத்தில் உதவி கேட்டு யார் வந்தாலும் முதலில் அவர்களிடம் அனுப்பிவிட்டு, அவர்களால் முடியாததை மட்டும் நீங்கள் பாருங்கள்.